வெய்யிலில் மனிதரும் விலைபோன கல்வியும்

பலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானியின் ‘வெய்யிலில் மனிதர்’ (1963) என்னும் குறுநாவலை, நாடிழந்த மக்களின் அவலக் குறியீடாகவே விமர்சகர் பலர் கொள்வர். அப்பொருள் அதில் உண்டென்பதில் ஐயமில்லை. எனினும், எண்ணெய்ச் செல்வம் கல்வியை என்ன செய்தது என்பதையும் அந்நூல் காட்டுகின்றது. ஆசிரியத் தொழில் புரிவோர் கருத்தூன்ற வேண்டிய பகுதி இதுவே.

1946இல் எண்ணெய் ஏற்றுமதியைத் தொடங்கிய குவைத், அச்செல்வத்தால் இலவசக் கல்வியை விரிவாக்கிற்று. 1966இல் பல்கலைக்கழகத்தையும் நிறுவிற்று. ஆயின், வகுப்பறைகளைக் கட்டும் வேகத்தில் ஆசிரியரை உருவாக்குதல் இயலுமோ? எகிப்தியரும் பலஸ்தீனருமே அவ்விடத்தை நிரப்பினர். 1950களின் நடுப்பகுதியில் அங்கு சென்று கற்பித்தவருள் கனஃபானியும் ஒருவர். 1960இல் அவர் பெய்ரூத் சென்றார்.

நாவலின் பயணிகளுள் இளையவனான மர்வான் பள்ளி மாணவன். குவைத்திலிருந்து பணம் அனுப்பிவந்த தமையன் மணம் முடித்ததும் கைவிரிக்கிறான். படிப்பை வீண்வேலையெனப் பழிக்கவும் செய்கிறான். தந்தையும் குடும்பத்தைத் துறக்கவே, பையன் புத்தகத்தை மூடிவிட்டு உழைப்பை விற்கப் புறப்படுகிறான். அந்நியப் பிள்ளைகளுக்காகப் பாடசாலை கட்டும் அதே செல்வம், இவனைப் பாடசாலையிலிருந்து வெளியே இழுக்கின்றது. முதியவரான அபூ கைஸோ, முன்னொரு காலத்தில் தம் கிராமத்து வகுப்பறைச் சன்னலருகே நின்று, தைகிரீசும் யூப்பிரத்தீசும் கூடி ஷத் அல்-அரபு ஆறாவதை ஆசிரியர் கற்பிக்கக் கேட்டவர். ஈற்றில் அவ்வாற்றங்கரையிலேயே வேலை தேடும் அகதியாய்க் கிடக்கிறார். பூகோள பாடம் இவ்வளவு கொடூரமாக மெய்ப்படுவதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

குளிரூட்டிய அலுவலகத்தில் எல்லை அதிகாரி வேடிக்கை பேசிச் சாரதியைத் தாமதிக்கச் செய்ய, வெற்று நீர்த்தாங்கிக்குள் மூவரும் மடிகின்றனர். ஏன் தாங்கியைத் தட்டவில்லை என்று சாரதி இறந்தோரையே வினவுவதுடன் நூல் முடிகிறது. உள்ளத்தை உலுக்கும் முடிவுதான், ஆயினும் குறையுடையது. அலுவலகக் காட்சியை அத்துணைத் தெளிவாக வரைந்த கலைஞர், கடைசி வினாவை அவ்வலுவலகத்தின்மீதும் தொடுத்திருக்க வேண்டும். மனிதரின் உழைப்பை வேண்டி மனிதரை வேண்டாத ஓர் அமைப்பே அங்கு குற்றவாளி.

அவ்வமைப்பின் இயல்பைப் பின்வந்த வரலாறு உறுதிப்படுத்திற்று. 1991ஆம் ஆண்டுப் போரையடுத்து, குவைத்தின் பலஸ்தீனருள் மிகப் பெரும்பாலோர் அந்நாட்டை இழந்தனர். அதன் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும் அவர்களுள் அடங்குவர். பள்ளிகளின் தொகையைக் கொண்டு ஒரு நாட்டின் கல்வியை அளப்போர் இந்நூலைப் படித்தல் நலம்.