வண்டிமுன் நின்ற திறனாய்வாளர்

தெருவோரத்தில் ஒருவர் நிற்கிறார். கூவி விற்கும் சிறு வணிகரின் கோலம், முதுகிலே சுமை. சுமைக்குள் இருப்பது துணியுமல்ல, மணியுமல்ல. ஐம்பது இயல்கள் கொண்ட இலக்கியத் திறனாய்வு நூல்! பெரும்பதவியிலிருந்த ஷென் யூ என்னும் புலவரின் வண்டி வரும் வழியிலே அந்தக் காத்திருப்பு. சீனத்திலே, ஏறத்தாழ கி.பி. 500-இல் நடந்ததாக லியாங் அரசமரபின் வரலாற்றேடு கூறும் காட்சி இது. நின்றவர் லியூ சியே.

இளமையிலேயே தந்தையை இழந்தவர். வறுமையால் மணம் புரியாதவர். இன்று நான்சிங் எனப்படும் தலைநகரின் பௌத்த மடமொன்றில், செங்யூ என்னும் துறவியின் நிழலில் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்து, ஏடுகளை வகைப்படுத்தியவர். 'வென்சின் தியாவோலொங்' என்னும் அவர் நூலை அந்நாளையப் படிப்பாளிகள் மதிக்கவில்லை. ஷென் யூ படித்தார், பாராட்டினார், தம் மேசைமீது வைத்துக்கொண்டார். அதன் பிறகு மதிப்பு வந்தது! முந்திய நாளும் அதே எழுத்துத்தானே? மாறியது எழுத்தா, எடுத்தவர் கையா?

இந்த இழிவை முன்னரே உணர்ந்தவர்போல், அந்நூலின் நாற்பத்தெட்டாம் இயலில், பழையதைப் போற்றிப் புதியதை இகழும் படிப்பாளிகளை அவர் சாடுகிறார். ஹான் பெய் எழுதியதைப் படித்து, இவனோடு வாழக் கிடைக்கவில்லையே என ஏங்கினான் சின் மன்னன். ஆள் நேரில் வந்ததும் சிறையிலடைத்தான். நெடுந்தொலைவில் இருந்தவரை அறிஞர். அருகில் வந்தால் கைதி!

நமக்கு மிகவும் உவப்பானது நான்காம் இயல். கன்பூசியர் அருளியவை என உலவிய வருங்குறி ஏடுகளை அவர் ஆராய்கிறார். காரணங்களை அடுக்கி, அவை பிற்காலத்தார் புனைந்த போலிகள் என்று காட்டுகிறார். எனினும் அவற்றின் கற்பனை வளம் கவிஞனுக்குப் பயன்படும் என்கிறார். பொய்யைப் பொய்யென்று சொல்லிவிட்டு அழகை அழகென்று ஒப்புவது நேர்மையல்லவா?

அத்தகையவரே வேறிடத்தில் சறுக்குகிறார். முப்பதைக் கடந்த வயதில், செவ்வரக்குப் பூசிய சடங்குக் கலங்களை ஏந்திக் கன்பூசியரின் பின்னே தென்திசை நடந்ததாகக் கனவு கண்டாராம். அதையே எழுதத் தூண்டிய நிகழ்ச்சியாகக் கூறுகிறார்! போலி ஏட்டுக்குச் சான்று கேட்டவர் தம் கனவுக்குச் சான்று கேட்கவில்லை. எல்லா இலக்கிய வகைக்கும் ஊற்று பழைய மறைநூல்களே என்றும் நாட்டுகிறார். பழமைப் பித்தைச் சாடிய எழுதுகோலா இது என்று நாம் திகைக்கிறோம். ஆனால், அம்மறைகளுக்கு உரை வகுக்கும் வேலையை முன்னோர் நிறையச் செய்துவிட்டனர் என்று கூறித்தான் அவர் திறனாய்வுக்குத் திரும்பினார். நல்லதாயிற்று, இன்னோர் உரையாசிரியர் கிடைத்திருந்தால் இந்நூல் கிடைத்திராது.

பின்னர் அரசுப் பணி, பட்டத்து இளவரசரின் நட்பு எல்லாம் வாய்த்தன. இறுதியில் மன்னன் ஆணைப்படி பழைய மடத்திற்கே சென்று ஏடுகளைத் தொகுத்தார். வேலை முடிந்ததும் தம் முடியைத் தாமே தீயிட்டு, துறவு வேண்டி விண்ணப்பித்தார்; ஓராண்டு நிறையுமுன் மறைந்தார்.