சூடு தருவது துணியா?

பனிச்சறுக்கு நெடுவோட்டப் போட்டிகள் −20° செ. குளிர் வரையிலும் நடத்தப்படுகின்றன. அவற்றில் ஓடும் பெண்களுக்கான உள்காலுடைகளைச் 'சூடு தருபவை' என விளம்பரம் செய்வது பொருந்தாது. வெப்பத்தைத் தருபவை தசைகள். இழைகளுக்கிடையே அடைபட்ட காற்று அதைக் காக்கிறது. அவ்விடத்தில் வியர்வை நிறைந்தால்? நீர், காற்றைவிட ஏறத்தாழ 24 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். ஆவியாகும் ஒவ்வொரு கிராம் வியர்வையும் ஏறத்தாழ 580 கலோரியைக் கொண்டுபோகும். எனவே, நனைந்த பருத்தி எவ்வளவு தடிமனாயினும், ஓட்டம் நின்றதும் உடலை நடுங்க வைக்கும்.

பாலியெஸ்டர் ஈரத்தை உறிஞ்சாது, விரைவில் உலரும். மெரினோ கம்பளி ஈரத்தை இழைக்குள் வாங்கியும் கதகதப்பைப் பெரிதும் இழப்பதில்லை. அளவும் முக்கியம்: ஆண்களின் உடையைச் சுருக்கித் தைத்தால் பெண்ணின் இடுப்பில் இடைவெளி விழும், குளிர்காற்று புகும்.

தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நனைந்தபின் எப்படி என்று கேளுங்கள். விளம்பரங்கள் சொல்லாமல் விடுவது அதைத்தான்.