பதிவேட்டில் காணப்படாதவர்கள்
கடல் கடந்த முன்னோரைத் தேடும் எழுத்துகள் பற்றிய ஒரு திறனாய்வு

நம் சபைகள் வெளியிடும் நூற்றாண்டு மலர்களிலும், குடும்பத்தார் தம் செலவில் அச்சிட்டு உற்றாருக்கு வழங்கும் வம்ச வரலாறுகளிலும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. முதலில் ஞானஸ்நானம் பெற்ற மூதாதையின் பெயர், அவரைச் சேர்த்துக்கொண்ட மிஷனெரியின் பெயர், அவர் ஊராரால் அடைந்த நெருக்கடி, அவருடைய மக்களுள் உபதேசியாரானவர், பள்ளியாசிரியரானவர், குருப்பட்டம் பெற்றவர் ஆகியோரைப் பற்றிய செய்திகள் பக்கம் பக்கமாக விரிகின்றன. அதன்பின் ஒரே ஒரு வரி வரும். குடும்பத்தில் சிலர் கண்டிச்சீமைக்கோ மலாயாவுக்கோ சென்றுவிட்டனர் என்பதே அது. எத்தனை பேர், எந்த ஆண்டில், யாருடன், எந்தக் கடனுக்காக என்ற செய்தி இராது. அடுத்த பத்தியில் குருவானவரின் மகன் கல்லூரிப் படிப்பை முடித்திருப்பார்.

இத்தகைய நூல்களைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது வேண்டாத வேலை எனச் சிலர் கருதலாம். ஆயினும் நம் சபையார் மிகுதியாக எழுதுகின்ற வரலாற்று எழுத்து இதுவே. அந்த ஒற்றை வரிக்குள் அடங்கிப்போனவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று நம் குருமனைகளுக்குக் கடிதம் எழுதுகின்றனர். ஆதலால் அவ்வரியின் வறுமையை ஆராய்வது நம் கடன்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் அமைந்த பனவடலிசத்திரத்தையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் எடுத்துக்கொள்வோம். வடலி என்பது இளம்பனை. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்குமிடம். நிலத்தின் இயல்பும் சாலையின் தன்மையும் ஊர்ப்பெயரிலேயே அடங்கியுள்ளன. மழை பொய்த்தால் பிழைக்க வழியற்ற வானம்பார்த்த பூமி இது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் தென்மாவட்டங்களை வாட்டியபோது, தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்துவிட்டிருந்தது. அதற்கு முன்னரே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு மக்கள் சென்றுகொண்டிருந்தனர். தூத்துக்குடியில் தோணியேறிக் கொழும்பில் இறங்கியோர் உண்டு. இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாருக்குக் கடந்து, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோரும் உண்டு.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். காப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில்தான். ஆடவர் சென்று, உழைத்து, உயிரோடிருந்தால் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் அவ்விடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பெண்களின் கைகளை மிகுதியாக வேண்டுவது. ஆகவே குடும்பங்களே பெயர்ந்தன. பெயர்ந்தவை லயங்களில் தங்கிவிட்டன. நம் சபைப் பதிவேடுகளில் ஒரு வீட்டாரின் பெயர்கள் ஒரே சமயத்தில் நின்றுபோவதைக் காணும்போது இந்தப் பின்னணியை நினைவுகூர்வது நலம்.

தேடுவோர் பலர் அறியாத மற்றொரு வேறுபாடும் உண்டு. நேட்டால், மொரீசியஸ், பீஜி, கயானா ஆகிய நாடுகளுக்குச் சென்றோர் ஒப்பந்தக் கூலிகள். 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதல் 1911 வரை நேட்டாலில் இறங்கிய 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் எனக் கட்டங்கள் நிரப்பப்பட்டன. மொரீசியஸ் நாட்டுப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பேணப்பட்டு வருகின்றன. இலங்கைக்குச் சென்றோருக்கு இத்தகைய கப்பல் பட்டியல் இல்லை. அவர்கள் கங்காணியின் கீழ்ச் சென்றவர்கள். ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்காமல் கடனில் கட்டுண்டவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் கட்டப்பட்ட தகரச் சீட்டில் எண்கள் இருந்தன, பெயர் இல்லை. 'துண்டு' எனப்பட்ட கடன்சீட்டு 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை, ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆள் மாறியதற்குச் சான்றாக அது ஒன்றே கைமாறியது. பிரட்டுக்களத்தில் காலைதோறும் அழைக்கப்பட்ட பெயர்கள் தோட்டத்துச் செக்ரோலில் இருந்தன. தோட்டங்கள் கைமாறியபோது அவற்றுள் பல அழிந்தன.

நேட்டால் பட்டியலும் அதை எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தவாறு எழுதப்பட்டதே. நம் ஊர்ப்பக்கத்தைத் தேடுகிறவர் சங்கரன்கோவில் என்று தேடினால் ஏமாறுவார். அக்காலத் தாலுகாவின் பெயர் சங்கரநயினார்கோவில். தமிழருக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இன்மையால் தந்தையின் பெயரோ சாதிப்பட்டமோ குடும்பப்பெயராக உறைந்தது. முதலியார் மூட்லியானார், கவுண்டர் கவெண்டரானார். நம்மை மிகவும் சிந்திக்கவைப்பது சாதிக் கட்டம். அதில் பலருக்குக் 'கிறிஸ்தவர்' என்றே எழுதப்பட்டுள்ளது. ஜாய் பிரெயின் 1983இல் வெளியிட்ட நேட்டால் இந்தியக் கிறிஸ்தவர் பற்றிய நூல் இப்பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு எழுந்ததே. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதியை விட்டொழிக்கக் கட்டளையிட்டும் இங்கே நிறைவேறாத ஒன்று, துறைமுகத்துக் குமாஸ்தாவின் எழுதுகோலால் ஒரு சொல்லில் நிறைவேறிவிட்டது! அது விடுதலையா, குமாஸ்தாவின் சோம்பலா என்பதை அந்தக் கட்டம் நமக்குச் சொல்வதில்லை.

இலங்கைக்குச் சென்ற கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை சபைப் பதிவேடே தலையாய சான்று. ராக்லண்ட் ஐயர் தம் துணைவர்களுடன் வட திருநெல்வேலியில் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கிய 1854ஆம் ஆண்டிலேயே, கண்டியை நடுவாகக் கொண்டு தோட்டத் தமிழரிடையே தமிழ்க் கூலி மிஷனும் தொடங்கப்பட்டது. அதற்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் அனுப்பப்பட்டனர். ஆகவே இக்கரையில் ஞானஸ்நானமும் அக்கரையில் திருமணமும் பதியப்பெற்ற குடும்பங்கள் உண்டு. இவ்விரு ஏடுகளையும் இணைத்துப் பார்த்தாலன்றி அக்குடும்பத்தின் கதை முழுமைபெறாது. இலண்டனில் படிகள் இருக்குமே என்று சிலர் எண்ணுகின்றனர். அங்குச் சென்ற படிகள் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பற்றியவை. நம்மவரின் பெயர்கள் நம் சபைகளின் மரப்பெட்டிகளில், கறையானுக்கு எஞ்சியவையாகவே உள்ளன.

இந்தத் தேடல் ஓய்வுநேரப் பொழுதுபோக்கன்று என்பதற்கு 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமே போதிய சான்று. வம்சாவளியால் குடியுரிமை பெற வேண்டுமாயின் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. தோட்டத்துப் பிறப்புகள் முற்காலத்தில் ஒழுங்காகப் பதியப்படாமையால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் தரப்பட்டன; ஏறத்தாழ 1,34,000 பேரே ஏற்கப்பட்டனர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். பாட்டனார் பிறந்த ஊரின் பெயர் மட்டும் நினைவிலிருக்க, அவ்வூரில் தம்மை அறிவார் ஒருவருமின்றி வந்திறங்கியோர் பலர். இலங்கையில் எஞ்சியோரின் வழக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. முன்னோரின் பெயர் ஏட்டில் இல்லை என்பதற்காக மனிதர் தண்டிக்கப்பட்ட வரலாறு இது. இதனை ஒற்றை வரியில் கடந்துபோகும் மலரைக் குறையுடையது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஏடுகள் சொல்லாததைச் சொல்லிய தமிழ் எழுத்து இல்லாமற் போகவில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வந்தது. திருநெல்வேலிச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து மருதி என்னும் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்கிறாள்; அதிகாரம் உடையவனின் இச்சைக்கு ஆளாகி நோயுறுகிறாள். கதை அவளோடு முடியாமல் அவள் மகளின் தலைமுறைக்கும் நீள்கிறது. கலையமைதியில் இக்கதை அவருடைய மற்றச் சிறந்த கதைகளுக்கு நிகராகாது என்பது என் கருத்து. நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. ஆயினும் முன்னோரைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பயன்படும் வழிகாட்டி தமிழில் அரிது. ஒருத்தி ஊரைவிட்டு ஏன் புறப்பட்டாள் என்ற கேள்விக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது. புதுமைப்பித்தன் அக்கட்டத்தையே கதையாக்கினார். நம் வம்ச வரலாறுகளில் மருதிகள் இடம்பெறுவதில்லை. பெற்றால் அது குடும்பத்துக்கு இழிவு என்ற அச்சம் உண்டு.

அந்த அச்சத்தைத் தாண்டிய நூலொன்றை ஒப்புநோக்குதல் தகும். கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கையுத்ரா பகதூர் 'கூலிப் பெண்' என்னும் ஆங்கில நூலை 2013இல் வெளியிட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டி சுஜாரியா பீகாரிலிருந்து 1903இல் துணையின்றி, கருவுற்ற நிலையில், கல்கத்தாவில் கப்பலேறியவர். விதவையா, கைவிடப்பட்டவரா, ஓடிவந்தவரா என்பதற்குச் சான்றில்லை. நூலாசிரியர் தமக்கு இனிய விடையைத் தேர்ந்துகொள்ளவில்லை. கேள்விகளை வரிசையாக எழுப்பி அவற்றை விடையின்றியே நிறுத்துகிறார். சில இடங்களில் அவ்வரிசை நீண்டு களைப்பூட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அறியாததை அறியாததாகவே விட்டுவைக்கும் நேர்மை அதிலுண்டு.

இந்நேர்மைக்கு முன்மாதிரி நம் கையிலுள்ள வேதாகமத்திலேயே இருக்கிறது. எஸ்றாவின் இரண்டாம் அதிகாரத்தில் சிறையிருப்பிலிருந்து திரும்பியோரின் நீண்ட பட்டியல் உள்ளது. அதன் இறுதியில், தம் பிதாக்களின் வம்சத்தையும் தாம் இஸ்ரவேலர்தாம் என்பதையும் நிரூபிக்க இயலாதவர் 652 பேர் என்று எழுதப்பட்டிருக்கிறது. நெகேமியாவின் ஏழாம் அதிகாரத்தில் அதே கூட்டத்தார் 642 பேர். பத்துப் பேரின் வேறுபாட்டை விளக்க உரைகாரர் பலர் முயன்றுள்ளனர். மாணவர் அதனை அறிவர். என் கவனத்தைக் கவர்வது வேறொன்று. நிரூபிக்க இயலாதவரும் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை. இயலாதவர் என்ற குறிப்போடு எண்ணப்பட்டுள்ளனர். அதே அதிகாரத்தில், ஏட்டில் பெயர் காணாத ஆசாரியர் பரிசுத்தமானதைப் புசியாதபடி விலக்கப்பட்டதும் உண்டு. அவர்களுள் ஒரு குடும்பம் பெண் கொண்ட வீட்டின் பெயரால் வழங்கியது. எழுதிச் சேர்த்தலும் ஏட்டைக் காட்டி விலக்குதலும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. மத்தேயுவின் வம்சவரலாறோ அரசர் சிலரை விட்டுவிட்டு, தாமாரையும் ராகாபையும் ரூத்தையும் உரியாவின் மனைவியையும் சேர்த்துக்கொள்கிறது. நம் குடும்ப வரலாற்றாசிரியர்கள் இதனை நேர்மாறாகச் செய்கின்றனர்.

இறுதியாக, கடிதங்களைப் பற்றி. மொரீசியஸ் நாட்டு இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறைவரை இந்தியக் கடல்கடந்த குடியுரிமை அட்டை பெறலாம் என 2024இல் அறிவிக்கப்பட்டது. இத்தகைய காரணங்களாலும், ஏக்கத்தாலும் தேடுவோர் பெருகிவருகின்றனர். அவர்களுள் சிலர் தம் ஊர் எது என்பதோடு தாம் எந்தச் சாதி என்றும் கேட்கின்றனர். தொழில் என்னும் கட்டத்தில் உள்ள சொல்லே சில வேளைகளில் அதை உணர்த்திவிடும். மூன்று தலைமுறையாக அதை மறந்து வாழ்ந்த குடும்பத்துக்கு நம் சபை மீண்டும் சாதியை அனுப்பிவைக்கலாமா? மறைப்பதும் முறையன்று, ஏடு நம் சொத்தன்று. பதிவில் உள்ளதை உள்ளபடி, எழுத்துப் பிழையோடு, ஆண்டோடும் எழுதியவரின் பெயரோடும் படியெடுத்து அனுப்புதல் வேண்டும். ஊரார் வாய்வழி கூறுவதைத் தனித்தாளில், யார் கூறினார் என்ற குறிப்புடன் எழுத வேண்டும். கேட்காத பெருமையை இட்டுக்கட்டி இணைத்தல் கூடாது. சாதியை ஊகித்து எழுதுவதோ நம் பணியே அன்று.

சங்கரன்கோவில் வட்டாரச் சபைகளுள் ஒன்று அடுத்து மலர் வெளியிடும்போது ஒரு சிறு முயற்சியை மேற்கொள்ளலாம். 1870 முதல் 1930 வரையுள்ள ஞானஸ்நான ஏட்டில் பெயர் இருந்து, பின்னர்த் திருமண ஏட்டிலோ அடக்க ஏட்டிலோ காணப்படாதவர்களை வரிசையாக எழுத வேண்டும். அவர்களுள் சிலர் குழந்தைப் பருவத்தில் இறந்து பதியப்படாமற் போயிருக்கலாம், சிலர் அடுத்த ஊருக்கு மாறியிருக்கலாம், மற்றவர் தோணியேறியவர். யார் எவரென்று பிரித்துக் காட்ட முயல வேண்டாம். பெயர், பெற்றோர் பெயர், ஆண்டு, அதற்கப்பால் ஒரு வெற்றிடம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள சபையொன்றின் ஏட்டைப் புரட்டும் ஒரு குருவானவர் அவ்வெற்றிடங்களுள் ஒன்றையேனும் நிரப்பக்கூடும்.