விரியும் அலகும் விரியா அலகும்

துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தின் அதிர்ச்சியாலும் சதையைச் சிதைத்தும் உயிரைப் போக்குகிறது. அம்போ அறுத்து, இரத்தத்தைப் பெருக்கி உயிரைப் போக்குகிறது. அம்பின் நுனியில் பொருத்தும் முனையின் அலகுகள் எப்போதும் விறைத்தே நிற்க வேண்டுமா, அல்லது பறக்கையில் மடங்கியிருந்து மானின் மேல் பட்டதும் விரிய வேண்டுமா என்று வட அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் பல்லாண்டுகளாக நடத்திவரும் வாதம், இந்த வேற்றுமையைப் பற்றுக்கோடாகக் கொண்டே ஆராயத்தக்கது. யாஹி இனத்தின் கடைசி மனிதராகிய இஷியிடம் வில்வித்தை பயின்று, 1923-இல் அதைப் பற்றி நூலும் எழுதிய சாக்ஸ்டன் போப் ஓர் அறுவை மருத்துவர் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இரு நுரையீரல்களையும் ஊடுருவிய கூரிய அலகு சில நொடிகளில் மானை வீழ்த்தும் என்பதும், பாதி வழியில் தங்கிவிட்ட அம்பு அப்பிராணியை மணிக்கணக்கில் வதைக்கும் என்பதும் அத்தகையவருக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியவை அல்லவே.

விரியலகு முனை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை நூறு கிரெயின், அதாவது ஏறத்தாழ ஆறரை கிராம். இரண்டு அலகுகள் நடுத்தண்டோடு ஒட்டி மடங்கி, மெல்லிய ரப்பர் வளையத்தாலோ ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பட்டையாலோ கட்டுண்டு கிடக்கும். அலகின் முன்னே துருத்திய விளிம்பைப் பின்னோக்கித் தள்ளினால் வளையம் நழுவ, இரு சிறகுகளைப்போல அவை விரிந்து இரண்டங்குல அகலம் காட்டும். இதன் பக்கத்தில் நிலையலகு முனையை வைத்தால், பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் அடங்கும் அதன் அகலம் சற்று வறியதாகவே தோன்றும். ஆனால் அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. வில் உற்பத்தியாளர் ஃபிரெட் பேர் 1950-களில் வெளியிட்ட 'ரேஸர்ஹெட்' முதலாக இவ்வகை முனைகளுக்கு உரிய பெருமை, சாணைக்கல்லில் தீட்டி மீண்டும் மீண்டும் எய்யலாம் என்பதே.

இப்படியிருக்க, விரியலகு ஏன் பிறந்தது? மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் கப்பிகள் பூட்டிய காம்பவுண்டு வில்லுக்கு 1969-இல் காப்புரிமை பெற்ற பிறகு அம்பின் வேகம் ஏறிக்கொண்டே வந்தது. இன்று விநாடிக்கு இருநூற்றெண்பது அடி என்பது சாதாரணம். அந்த வேகத்தில் அம்பின் முன்தலையில் நிற்கும் அகன்ற அலகுகள் தாமே சிறகுகளாகி, வாலிலுள்ள இறகுகளோடு போட்டியிட்டு அம்பைத் திருப்பத் தொடங்குகின்றன. நாணை விட்டுக் கிளம்புகையில் அம்பு இம்மியளவு கோணினாலும், நாற்பது கஜ தூரத்தில் அது குறியைவிட்டுச் சில அங்குலங்கள் விலகிவிடும். மடங்கிய அலகுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பயிற்சி முனை போய்ப் பட்ட இடத்தில் அதுவும் போய்ப் படுகிறது.

இந்தச் சௌகரியத்தையே விரியலகின் தலையாய குணம் என்பர். என் அபிப்பிராயத்தில் இதிலேதான் அதன் தோஷமும் ஒளிந்திருக்கிறது. நிலையலகு முனை, சீர்கெட்ட வில்லைப் பயிற்சிக் காலமான ஆகஸ்டு மாதத்திலேயே, வைக்கோல் இலக்கின்மீதே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வேட்டைக்காரன் வீணைக்குச் சுருதி சேர்ப்பவனைப்போலப் பொறுமையாக, அம்பு தங்குமிடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, குறை தீரும்வரை உழைக்க நேர்கிறது. விரியலகோ அக்குறையை மூடி மறைத்து, வேட்டைக் காலமான நவம்பரில் மானின் உடலுக்குள் வெளிப்படுத்துகிறது. ஏனெனில் கோணிப் பறக்கும் அம்பு குறியில் பட்டாலும், தன் பலம் முழுவதையும் நேர்க்கோட்டில் செலுத்தாது.

பலத்தின் கணக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். நானூறு கிரெயின் எடையுள்ள அம்பு விநாடிக்கு இருநூற்றெண்பது அடி வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ எழுபது அடி-பவுண்டு. முந்நூற்றைம்பது கிரெயின் அம்பு இருநூற்றுப்பத்து அடி வேகத்தில் சென்றால் முப்பத்துநான்கே. அலகுகளை விரிப்பதற்கு ஒரு பங்கும், இரண்டங்குல அகலத்துக்குத் தோலையும் தசையையும் அறுத்துச் செல்வதற்கு இன்னொரு பெரும் பங்கும் செலவாகும் என்றால், எழுபதுக்காரனுக்கு மிச்சம் இருக்கும். முப்பத்துநான்குக்காரனுக்கு என்ன இருக்கும்? தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில் 1980-களில் எட் ஆஷ்பி நடத்திய ஆய்வுகள், கனத்த தண்டும் ஒடுங்கிய உறுதியான அலகும் கொண்ட அம்பே எலும்பைக் கடந்து ஆழமாய்ச் செல்லும் என்பதை வற்புறுத்தின. எல்க் போன்ற பெரிய மானின் தோள்பட்டையில் விரியலகு பட்டால் அலகு வளைவதும் ஒடிவதும் உண்டு. உடல் சாய்ந்து நிற்கையில் ஓர் அலகு முதலில் தொட்டு விரிந்து, அம்பையே பக்கவாட்டில் தள்ளிவிடுவதும் உண்டு.

இவ்வளவும் சொன்னபின், எதிர்ப்பக்கத்துச் சாட்சியை மறைப்பது நியாயம் ஆகாது. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்னுமிடத்துக் கடற்படை நிலையத்தில், வேட்டைக்கு வந்தவர்கள் அம்பு தைத்த மான்களையும் தேடிக் கண்டெடுத்த மான்களையும் பல்லாண்டுகள் கணக்கெழுதி வைத்தனர். நிலையலகு தைத்த மான்களில் நூற்றுக்கு எண்பத்திரண்டு அளவிலும், விரியலகு தைத்தவற்றில் தொண்ணூறு அளவிலும் கண்டெடுக்கப்பட்டன. நூற்றுக்குப் பதினெட்டு மான்கள் காயத்தோடு காட்டுக்குள் மறைந்தன என்பதை வாசித்தபோது என் மனம் மிகவும் வருந்தியது. அகன்ற காயம் இரத்தத் தடத்தை அகலமாக இடுகிறது. குறி சற்றுத் தவறிய எய்தலிலும் ஏதேனும் ஒரு பெரிய இரத்தக்குழாயை அறுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இது மறுக்க முடியாத குணம். ஆயினும் அங்கே எய்தவர்கள் திறமைத் தேர்வில் தேறியவர்கள், எய்யப்பட்டது வெண்வால் மான் என்பதையும் உடன் கருத வேண்டும். அந்தக் கணக்கை மலைச்சரிவில் நிற்கும் எல்க்குக்கும், மெல்லிய வில்லேந்திய சிறுவனுக்கும் அப்படியே நீட்டுவது பொருந்தாது.

ஐடஹோவும் ஆரிகனும் பெருவிலங்கு வேட்டையில் விரியலகை நெடுங்காலம் தடுத்து வைத்திருந்தன. எல்க் திரியும் மாநிலங்களுக்கு அது விவேகமான எச்சரிக்கையே. ஆனால் அறுபது பவுண்டுக்கு மேற்பட்ட இழுவிசையுள்ள வில்லோடு மரத்து மேடையில் அமர்ந்து, இருபது கஜத்துக்குள் பக்கவாட்டாக நிற்கும் வெண்வால் மானுக்காகக் காத்திருப்பவர் விரியலகைத் தேர்ந்தால் அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

என் வருத்தம் வேறு. இழுவிசை குறைந்த வில்லைப் பிடிக்கும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், எளிதாய்க் குறியில் படும் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விரியலகை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அதைத் தாங்கும் பலம் இல்லாத அம்பின்மீதே அது ஏற்றப்படுகிறது. ஐம்பது பவுண்டுக்குக் குறைந்த இழுவிசையுள்ள வில் எதுவாயினும், எல்க்கைத் தேடிச் செல்லும் வில் எதுவாயினும், அவற்றுக்குரியது ஒடுங்கிய நிலையலகே. அவர்களுக்கு வில் பழக்குகின்ற பெரியவர்கள், முனையை மாற்றி வாங்குவதற்குமுன் ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு அந்த வில்லைச் சீர்செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.