'புரொபஷனலா இருக்கணும்': பேராசிரியர்களின் சார்பும் தொழில்நேர்மையும்

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதே அங்கே முதன்மையான கோரிக்கை. அந்த நாட்களில் பிள்ளைப்பாக்கத்தில் வேறொரு ஆலையில் ஷிப்ட் முடித்து வந்த நண்பர் (எம்.ஏ. படித்துவிட்டு அசெம்பிளி லைனில் நிற்பவர்) டீக்கடையில் வைத்துக் கேட்டார்: "திரும்புன பக்கமெல்லாம் காலேஜ் இருக்கு. நமக்குத் தெரிஞ்ச வாத்தியார் ஒருத்தர்கூட இதப்பத்தி வாயத் தொறக்கலியே, ஏன்?" அதே கேள்வியை, இந்தப் பகுதியில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் தமிழ் நடத்தும் இன்னொரு நண்பரிடம் போட்டேன். "நாங்க புரொபஷனலா இருக்கணும் சார். பேசுனா சார்புன்னு ஆயிடும்" என்றார்.

அந்தப் பதிலை ஒரு பிரதியாக வைத்து வாசிப்பதே இங்கே என் நோக்கம். பேராசிரியப் பெருமக்களைத் திட்டுவது நமக்குச் சுலபம். 'நடுநிலை' என்ற சொல் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.

இந்த வாதத்துக்குச் சாட்சியாக வழக்கமாக இழுத்து வரப்படுபவர் மாக்ஸ் வெபர். 1917இல் ம்யூனிக்கில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையில், வகுப்பறை மேடை கட்சிப் பேச்சாளருக்கு உரியதல்ல என்றார். எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் மாணவர்கள் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் தன் அரசியலைத் திணிப்பது பொறுப்பின்மை என்றார். சரிதான். ஆனால் நம்மவர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் சங்கடம் தரும் உண்மைகள் உண்டு. தன் கட்சிக்குச் சங்கடமான உண்மைகளை ஏற்றுக்கொள்ள மாணவரைப் பழக்குவதே ஆசிரியரின் முதல் வேலை என்றும் அதே உரை சொல்கிறது. 1908இல் ராபர்ட் மிஷெல்ஸ் என்ற ஆய்வாளருக்கு, அவர் சோசலிஸ்டு என்பதால் ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் கதவடைத்தபோது, இதுவா கல்விச் சுதந்திரம் என்று பத்திரிகையில் எழுதியவரும் வெபர்தான். ஆக, அவர் கேட்ட தொழில்நேர்மை வாய்மூடுவதல்ல. சங்கடமானதைச் சொல்வது.

இந்த அளவுகோலைத் தமிழ்த்துறைக்குள் கொண்டுவந்தால் எஸ். வையாபுரிப் பிள்ளையில்தான் தொடங்க வேண்டும். வக்கீலாக இருந்தவர், 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் பதிப்பாசிரியர் ஆனார், 1936இல் ஆறு தொகுதிகள் நிறைந்தபின் 1946 வரை தமிழ்த்துறைக்குத் தலைமை வகித்தார். தொல்காப்பியத்தைக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலும் சிலப்பதிகாரத்தை எட்டாம் நூற்றாண்டையொட்டியும் வைத்தார். 'தமிழ்த் துரோகி', 'வடமொழிதாசர்' என்று பட்டங்கள் வந்தன. நெல்லைப் பிள்ளைமாராக இருந்தும் பார்ப்பனர் பக்கம் சேர்ந்துவிட்டார் என்றார்கள். இன்னொரு பக்கம், அவருடைய தமிழ் மொழி, இலக்கிய வரலாற்றை 1956இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது இடதுசாரிகளின் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். அவர் எந்தக் கட்சிக்கும் எழுதவில்லை. ஆனாலும் அவரது 'புறவயநிலை'யே ஒரு அரசியல் முகாமுக்கு ஆயுதமாகிவிட்டது.

அப்படியானால் அவரிடம் சார்பே இல்லையா? இருந்தது. ஆனால் எதிரிகள் தேடிய இடத்தில் இல்லை. அவர் கொடுத்த தேதியில் அதைத் தேடுவது வீண். அவர் எழுதிக் காட்டாத ஒரு விதியில் அது இருந்தது. ஒரு சொல்லோ கருத்தோ தமிழிலும் வடமொழியிலும் இருந்தால் கொடுத்தது வடமொழி, கொண்டது தமிழ் என்று தொடங்கும் பழக்கம் அது. அந்தக் காலப் புலமை உலகத்தின் பொதுப்புத்தியே அதுதான். பொதுப்புத்தியானதால்தான் சார்பாகத் தெரியவில்லை.

அதைப் பார்த்தவர் யார்? வெளிப்படையாக அரசியல் பேசிய தேவநேயப் பாவாணர். லெக்சிகன் பல சொற்களுக்கு வடமொழி மூலம் காட்டுவதை அவர் கடுமையாகத் தாக்கினார். அந்தக் கேள்வி அவருடைய தனித்தமிழ்ச் சார்பிலிருந்து பிறந்தது. ஆனால் நியாயமான கேள்வி. சமஸ்கிருதத்துக்குள் போன திராவிடச் சொற்களை ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டி. பரோ 1940களிலேயே பட்டியலிட்டு எழுதினார். 1961இல் பரோவும் எமனோவும் சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைக் கொண்டுவந்தார்கள். கொடுக்கல்வாங்கல் இருபக்கமும் நடந்தது என்பது துறைக்குள் நிலைபெற்றது. பாவாணரோ அங்கே நிற்கவில்லை. குமரிக் கண்டம், உலக முதன்மொழி என்று போனார். எந்தச் சான்று வந்தால் தன் கூற்று தவறாகும் என்பதற்கு அவர் இடமே வைக்கவில்லை. வையாபுரிப் பிள்ளை வைத்தார். சொல்வடிவம், இலக்கணம், நூலுக்கு நூல் எடுத்தாண்ட தொடர் என்று காரணங்களை மேசைமேல் பரப்பினார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அவரை மறுக்க முடிந்தது. புகளூர்க் கல்வெட்டில் சேரல் இரும்பொறை மரபை 1965இல் அடையாளம் காட்டிய ஐராவதம் மகாதேவன் பேராசிரியர்கூட இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி. சங்க காலக் கணிப்புக்குக் கல்லில் ஒரு பிடிமானம் கிடைத்தது.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது. சார்பு கேள்வியைத் தரலாம். பதிலைத் தரக் கூடாது. பதிலுக்கு வழிமுறை வேண்டும், அந்த வழிமுறை எதிராளி கையிலும் இருக்க வேண்டும்.

இப்போது 2020க்கு வருவோம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017 முதல் இருந்த அருந்ததி ராயின் மாவோயிஸ்டுகள் பற்றிய நூலை, ஏ.பி.வி.பி. புகாருக்குப்பின் நவம்பரில் நீக்கியது. அந்த இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் வந்தன. கிருஷ்ணன் அருமையான எழுத்தாளர், பிரச்சினை அவரல்ல. ராயின் உரைநடையை எதிர்த்து வாசிக்க மாணவருக்குக் கற்றுத்தருவது ஆசிரியர் வேலை. அந்த வேலையைச் செய்யாமலிருக்க ஒரு குழுவைக் கூட்டினார்கள். இதையும் 'நடுநிலை' கணக்கில்தான் எழுதிக்கொள்கிறார்கள்.

நம் பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது, தோழர்களே. பேராசிரியர் 'நம்ம ஆளு' என்றால் ஆய்வேட்டில் ஓட்டை தெரிவதில்லை. கட்சி மேடையில் கைதட்டு வாங்கிய கருத்து அப்படியே கருத்தரங்கக் கட்டுரையாகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ரஜனி திராணகமவை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் சகாக்களும் 'முறிந்த பனை'யில் இலங்கைப் படை, இந்தியப் படை, புலிகள் உட்பட்ட இயக்கங்கள் என எல்லோர் செய்ததையும் பதிந்தார்கள். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ் மக்கள் பக்கம் நின்றுகொண்டே அந்தப் பக்கத்துக்குச் சங்கடமானதை எழுதியவர் அவர். அவரை 'நடுநிலையாளர்' என்று சொல்ல முடியுமா? அவரைவிடத் தொழில்நேர்மை உள்ளவர் யார்?

மறுபடி பிள்ளைப்பாக்கம். வெபரின் அந்த உரை தத்துவத்தில் தொடங்கவில்லை. சம்பளத்திலும் வேலை நிச்சயமின்மையிலும் தொடங்குகிறது. உற்பத்திக் கருவிகள் கையில் இல்லாத ஆலைத் தொழிலாளியைப் போலத்தான் பல்கலைக்கழக உதவியாளரும் தலைமையை அண்டி நிற்கிறார் என்று அவர் ஒப்பிடுகிறார். என் விரிவுரையாளர் நண்பர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருக்கிறார். அவர் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஆனா அதுக்குப் பேரு பயம். அதைப் 'புரொபஷன்' என்று சொன்னால் அந்தச் சொல்லே கெட்டுப்போகும்.

அவர் கொடி பிடிக்க வேண்டாம். வேலைநிறுத்தச் செய்தியை இரண்டு நாளிதழ்களில் எடுத்து, யார் எழுவாய், யார் செயப்படுபொருள் என்று வகுப்பில் வாசித்துக் காட்டலாம். அப்போது நடப்பில் இருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தையும், தன் பெயரைச் சங்கம் பயன்படுத்தக் கூடாது என்ற நிறுவனத்தின் வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். சங்கத்துக்கும் சங்கடம் தரும் கேள்விகள் வரும், வரட்டும். அது முழுக்கத் தமிழாசிரியர் வேலை.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தச் சங்கம் 2025 ஜனவரியில பதிவாயிடுச்சு. எங்களுக்கு எப்போ?" என்று கேட்டார். சார்பான கேள்விதான்.