சத்திரம், பேட்டை, கள்ளுக்கடை: தென்காசி வட்டார வரலாற்றெழுத்தில் ஒரு விடுபடல்

கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை ஆகியவை ஆரியங்காவுக் கணவாய்க்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர்கள். 1904-இல் செங்கோட்டை–புனலூர் ரயில் பாதை திறக்கப்படும்வரை சரக்கு மாட்டுவண்டியிலும் தலைச்சுமையாகவும் சென்றது. வழியில் தங்குமிடம் இன்றி வணிகம் இல்லை. ஆனால் ஊர் வரலாறுகள் பெரும்பாலும் சத்திரத்தோடும் அதைக் கட்டியவரின் புகழோடும் நின்றுவிடுகின்றன.

சத்திரம்

ராணி மங்கம்மாள் (ஆட்சி 1689–1706) சாலைகளும் சத்திரங்களும் அமைத்தது உண்மை. ஆயினும் கல்வெட்டு கொடுத்தவரைச் சொல்லும். திருப்பி அனுப்பப்பட்டவரைச் சொல்லாது. காசியில் தமிழ் வணிகர் கட்டிய சத்திரத்திலேயே, பிராமணர் அல்லர் என்பதால் ஈ.வெ.ராமசாமிக்குச் சோறு மறுக்கப்பட்டதை அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1924–25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த பூசலும் தனிப்பந்தி பற்றியதே. எனவே ‘சத்திரத்தில் அனைவரும் உண்டனர்’ என்று சான்றின்றி எழுதுவது வரலாறு ஆகாது.

பேட்டை

ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூல் (1969) வேறொரு தங்குமிடத்தைக் காட்டுகிறது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர் தம் வண்டிகளும் மாடுகளும் பாதுகாப்பாகத் தங்கப் பேட்டைகள் அமைத்தனர். சரக்கின் மேல் வசூலித்த மகமை அதற்கு உதவியது. இது தர்மத்தால் அன்றி, தேவையால் எழுந்த தங்குமிடம்.

கள்ளுக்கடை

பனைநாடான திருநெல்வேலிச் சீமையில் கள்ளுக்கடை உழைப்பாளர் கூடிய இடம். அது பல குடும்பங்களின் கூலியைக் கரைத்தது. 1948-இல் மதராஸ் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது சட்டப்படியான கடைகள் மூடப்பட்டன. திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டை 1956-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்தடுத்த ஊர்கள் இரு அரசுகளின் கீழ் இருந்த இக்காலம் தனி ஆய்வுக்குரியது. ஊர் வரலாறுகளோ கள்ளுக்கடையை இழுக்கு என ஒதுக்கிவிடுகின்றன.

மதிப்பீடு

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் எங்கே தங்கினர், யாருக்கு எங்கே இடமில்லை என்பது தெரியும். குற்றாலத்திலும் சுற்றூர்களிலும் பழைய கட்டடங்கள் விடுதிகளாகவும் திருமண மண்டபங்களாகவும் மாறிவருகின்றன. ஊர் வரலாறு எழுதும் மாணவர்கள் கல்வெட்டோடு நிற்காமல், சத்திரக் கணக்கேடுகளையும் பத்திரங்களையும் தேட வேண்டும். வண்டியோட்டியவர்கள், பனையேறியவர்கள் வீட்டு முதியோரிடமும் கேட்க வேண்டும். கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. திண்ணையில் படுத்தவரின் செய்தி முதியோர் நினைவில் மட்டுமே உள்ளது.