இடாப்பும் பிரம்பும்

'அடியாத மாடு படியாது' என்ற பழமொழி நமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் இன்னும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. மாட்டையும் மாணவனையும் ஒரே நுகத்தில் பூட்டும் இவ்வாசகத்தைச் சொல்பவர் கொடியவர் அல்லர், பெரும்பாலும் களைத்துப்போனவர். அவருடைய களைப்பை நாம் மதிக்கிறோம். அக்களைப்பு அவரைக் கொண்டு நிறுத்தும் முடிவைத்தான் மறுக்கிறோம். மறுப்பதற்கான நியாயத்தை நிவித்திகலவைச் சூழ்ந்த தேயிலை, றப்பர்த் தோட்டங்களே நமக்குத் தருகின்றன.

இப்பகுதியில் மேல் வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள். "பிள்ளைகள் நேரத்துக்கு வருவதில்லை, வீட்டுப் பாடம் செய்வதில்லை, பதினான்கு பதினைந்து வயதானதும் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடுகிறார்கள், கண்டித்தால் முறைக்கிறார்கள்." இத்தனைக்கும் அவர் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: ஒழுங்கீனம்.

ஆனால், இந்த ஒழுங்கீனம் எங்கே விளைகிறது? றப்பர் மரத்தில் பால் வெட்டுவதற்கு விடியற்காலையே உகந்தது. தாயும் தந்தையும் இருள் பிரியும் முன் மலையேறிவிட, லயத்திலே மூத்த பிள்ளைதான் இளைய பிள்ளைக்குத் தாய். "தம்பியப் பாத்துக்கிட்டு இருந்தேன் சேர்" என்று தாமதித்து வந்த சிறுமி சொன்னால், அது சாக்கு அன்று. அவளுடைய காலை நேர வேலையைப் பற்றிய அறிக்கை. மழை பிடித்துக்கொண்டால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் இல்லை. சப்பிரகமுவவிலோ மழைக்குப் பஞ்சமில்லை. அத்தகைய மாதத்தில் கொப்பியும் சப்பாத்தும் எங்கிருந்து வரும்? பக்கத்திலேயே மாணிக்கக்கல் குழி இருக்கிறது. அங்கே சென்ற பையனைச் சோம்பேறி என்று எந்த நாவால் சொல்வது?

வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1907ஆம் ஆண்டின் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்துக்கும் பாலுக்கும் கணக்குப் பார்ப்பவரிடமே எழுத்தின் கணக்கும் விடப்பட்டது! 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி, நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது. தோட்டப் பள்ளியோ அவ்வழிக்கு வெளியே நின்றது. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1977க்குப் பின்னரே தோட்டப் பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அந்த ஆண்டிலும், 1981, 1983ஆம் ஆண்டுகளிலும் இரத்தினபுரி மாவட்டத் தமிழர் வன்செயலுக்கு இலக்காகி, லயங்களை விட்டு ஓடவும் நேர்ந்தது. நாட்டின் பிற பிள்ளைகளுக்கு ஒரு தலைமுறைக்கு முன்பே கிட்டிய உரிமை, இப்பிள்ளைகளுக்கு அச்சத்தின் நடுவே வந்து சேர்ந்தது. அந்த இடைவெளியைப் பிரம்பால் நிரப்ப முடியுமா?

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தின் நாள் பிரட்டுக்களத்தில் தொடங்குகிறது. அங்கே நேரத்துக்கு நின்றவருக்குப் பேர் விழும். வேலை குறைந்தால் அரைப்பேர். மனிதனைப் பேராகவும் அரைப்பேராகவும் எண்ணும் அந்த வழக்கம் தலைமுறை தலைமுறையாக நமது எலும்பில் ஊறியிருக்கிறது. காலைக் கூட்டத்தில் தாமதித்து வந்தோரைத் தனி வரிசையில் நிறுத்திப் பிரம்போடு நடக்கும் ஆசிரியர், தம்மையறியாமலே கங்காணியின் இடத்தில் நிற்கிறார். இடாப்பு அவர் கையிலே செக்ரோலாகி விடுகிறது. தன் தாய் நின்ற வரிசையிலேயே தானும் நிற்கிறோம் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அவன் முறைப்பது அதனால்தான். அதை ஒழுங்கீனம் என்பதா, தன்மானத்தின் முதல் துளிர் என்பதா?

இவ்வளவும் சொல்லி ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு ஒதுங்குவது நமது நோக்கமன்று. 2015ஆம் ஆண்டளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களாகச் சேர்க்கப்பட்ட இளைஞர், யுவதிகளுக்கு ஆரம்பத்தில் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவே கிடைத்தது. பயிற்சியைப் பின்னுக்குத் தள்ளி, வகுப்பை முன்னே தள்ளிவிட்டார்கள். அவர்களிற் பலர் லயத்திலே பிறந்தவர்கள். மாகாணத்திலோ தமிழ் மொழி மூலம் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் பாடசாலைகள் மிகச் சிலவே. படித்தால் ஏறுவதற்கு அடுத்த படியே இல்லாத இடத்தில், 'படி, படி' என்று எத்தனை நாள் சொல்வது? ஆசிரியரின் விரக்தி நியாயமானது. அது போய்ச் சேரும் இடந்தான் பிழை. மேலே போக வேண்டிய கோபம் கீழே இறங்கி, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உள்ளங்கையில் விழுகிறது.

பிரம்பைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் தடுத்தன. மாணவன் ஒருவனை ஆசிரியர் அறைந்த வழக்கொன்றில், உடல் தண்டனை அரசியலமைப்பு தரும் பாதுகாப்புக்கு முரணானது என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்று. ஆயினும், "பிரம்பை வாங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன தந்தார்கள்?" என்று கேட்கும் ஆசிரியருக்கு அரசு விடை சொல்லியாக வேண்டும். அந்த விடை வரும் வரை அடிப்போம் என்பது மட்டும் விடையாகாது.

பிரம்பு தராத கட்டுப்பாட்டை வேறொன்று தந்திருக்கிறது. அறுபதுகளில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் இர. சிவலிங்கமும் அவரோடு நின்ற ஆசிரியர்களும் மலையக இளைஞர் தலைமுறையொன்றைத் தட்டியெழுப்பினார்கள். நீ யார், உன் மக்களுக்கு நேர்ந்தது என்ன, நீ எழுதவும் பேசவும் வேண்டியது எது என்ற கேள்விகளை மாணவன்முன் வைத்தார்கள். தன் படிப்புக்குப் பொருள் உண்டென்று கண்ட மாணவனை வகுப்பில் இருத்த வேறு காவல் தேவைப்படவில்லை.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கு நாம் கூறுவது இதுதான்: இடாப்பை வேறு கண்ணோடு படியுங்கள். எந்த மாதத்தில், எந்த லயத்துப் பிள்ளைகள் வரவில்லை? எந்த வயதில் பெயர்கள் மறைகின்றன? அந்த வெற்றுக் கட்டங்களை எண்ணி எடுத்துக்கொண்டு பெற்றோரிடமும் தொழிற்சங்கத்திடமும் செல்லுங்கள். பின் அனைவருமாகக் கல்வி அலுவலகத்தின் படியேறுங்கள். காலையில் பிள்ளை காப்பகம், மேல் வகுப்புக்கு விஞ்ஞான ஆசிரியர், உதவியாளருக்கு முழுச் சம்பளம் ஆகிய மூன்றும் ஒரே கோரிக்கையின் மூன்று வரிகள். ஆசிரியரின் உரிமையும் மாணவனின் உரிமையும் வெவ்வேறு பக்கங்களில் எழுதப்பட்டவை அல்ல.

பிரட்டுக்களத்தில் அரைப்பேர் வாங்கியவளின் மகளுக்கு வகுப்பறையிலாவது முழுப்பேர் விழட்டும். அதை எழுத வேண்டிய பேனா ஆசிரியரின் கையிலேதான் இருக்கிறது.